ஸ்லைடு மறுபார்வை: நிதானமாகப் பார்க்கிறார்கள்

அப்பாவுக்கு ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம்) கூடியிருந்ததால் புராஸ்டேட் பயாப்ஸி எடுத்தார்கள். முதல் ரிப்போர்ட்டில் ஒரு துண்டில் புற்றுநோய் சந்தேகம் என்று வந்தது. யூராலஜிஸ்ட் சொல்லி, ஸ்லைடுகளோடு இந்த லேபுக்கு வந்தோம்.

இங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். செல்களின் கரு கறுத்து, ஒழுங்கில்லாமல் பெருத்திருந்தது. பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் செல்லுக்குள்ளே பொன்பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. "இது லிப்போஃபசின் நிறமிங்க. விந்துப்பையில இயல்பாவே இருக்கும். ஊசி மேல்பக்கம் போறப்ப அதுலயும் ஒரு துணுக்கு வந்துடும்" என்றார். அதோடு விடவில்லை. அடித்தள செல்களைக் காட்டும் பி63 சாயமும் போட்டுப் பார்த்தார். புற்றுநோய்ச் சுரப்பியில் இல்லாமல் போகும் அடித்தள செல்கள் இங்கே வரிசையாகப் பழுப்பேறி நின்றன. அப்புறம்தான் புற்றுநோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சாயத்துக்குத் தனிக் கட்டணம் என்பதைக் கவுன்டரில் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் குறை.

வருகிறவர்கள் பழைய லேபில் மெழுகு பிளாக்கையும் (பயாப்ஸித் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கி வாருங்கள். சாயம் போட அதிலிருந்துதான் புதிதாகச் சீவி எடுக்கிறார்கள்.