நாலடித் தொட்டிக்கு ஏஞ்சலா, டிஸ்கஸா?

நாலடி நீள மீன் தொட்டி, 200 லிட்டருக்கு மேல் தண்ணீர், நிறைய செடி. அதில் ஏஞ்சல் மீனை விடுவதா, டிஸ்கஸ் மீனை விடுவதா? இரண்டும் அமேசான் படுகையின் சிக்லிட் குடும்ப மீன்கள்தான். ஆனால் வளர்ப்பு வேறு வேறு.

விலை: ஒரு நல்ல டிஸ்கஸின் காசில் ஏஞ்சல் கூட்டமே வாங்கலாம். டிஸ்கஸ் ஐந்தாறாவது வேண்டும். ஒன்றிரண்டாக விட்டால் வலுத்தது மற்றதை மூலையில் ஒடுக்கிவிடும்.

வெப்பம்: ஏஞ்சலுக்கு 24–28 டிகிரி, டிஸ்கஸுக்கு 28–30. செடிப் பிரியர்களுக்கு இங்கேதான் இடிக்கும். 30 டிகிரியில் பல தண்டுச் செடிகள் நோஞ்சானாகிவிடும். அமேசான் ஸ்வார்ட், அனுபியாஸ் தாக்குப்பிடிக்கும். சூடான நீரில் பிராணவாயுவும் குறைவு, ஏர் பம்ப் தேவைப்படலாம்.

தண்ணீர்: ஏஞ்சலுக்கு வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றினால் போதும். டிஸ்கஸுக்கு இரண்டு மூன்று முறை. போர் தண்ணீர் உப்பென்றால் ஆர்.ஓ. கலக்கவும் வேண்டும்.

துணை மீன்: ஏஞ்சலோடு நியான் டெட்ரா வேண்டாம், வளர்ந்த ஏஞ்சலுக்கு அது ஒரு வாய். ரம்மிநோஸ் டெட்ரா சரி. டிஸ்கஸோடு என்றால் நன்கு வளர்ந்த கார்டினல் டெட்ரா, ஸ்டெர்பாய் கோரிடோரஸ் சரி. துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் இரண்டுக்கும் ஆகாது.

இரண்டையும் சேர்த்து விடலாமா? இரையில் ஏஞ்சல் முந்திக்கொள்ளும், டிஸ்கஸ் பட்டினி கிடக்கும்.

செடிதான் முக்கியம், வேலைக்கும் போகிறீர்கள் என்றால் ஏஞ்சல். மீன்தான் முக்கியம், வாளி தூக்க அலுப்பில்லை என்றால் டிஸ்கஸ்; செடியைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் தொட்டியா? யோசிக்கவே வேண்டாம், ஏஞ்சல்.