1852 என்று விற்ற 1878 கிண்ணம்: பழைய கண்ணாடி வாங்குவோர் கவனத்துக்கு

இங்கிலாந்தில் இருந்துகொண்டு பழைய பிரஸ்டு கிளாஸ் (அச்சில் அழுத்தி வார்த்த கண்ணாடி) சேர்க்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணைய ஏலத்தில் நீலநிறச் சர்க்கரைக் கிண்ணம் ஒன்றை 85 பவுண்டுக்கு எடுத்தேன். ‘கேட்ஸ்ஹெட் சவர்பி தயாரிப்பு, 1852, பதிவுச் சான்றிதழுடன்’ என்று விளம்பரம். சவர்பி என்பது கேட்ஸ்ஹெட் ஊரின் கண்ணாடி நிறுவனம். அடியில் இருக்கும் குறிக்குத் தெளிவான படம் கேட்டால், “கண்ணாடியில் அப்படித்தான் விழும்” என்று விற்றவரிடமிருந்து பதில். சான்றிதழ் என்று வந்தது, அவருடைய கடை முத்திரை குத்திய ஒரு கணினித் தாள்.

கிண்ணத்தின் அடியில் டால்கம் பவுடரைத் தடவித் துடைத்தேன். குறி பளிச்சென்று எழுந்து வந்தது.

பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை, பிறர் நகலெடுக்காதபடி அரசிடம் பதிவான வடிவங்களுக்கு ஒரு சாய்சதுரக் குறி உண்டு. உச்சியில் சிறு வட்டம். அதற்குள் ரோமன் எண் மூன்று இருந்தால் கண்ணாடி. நான்கு மூலைகளில் ஆண்டு, மாதம், நாள், கட்டு எண் (அன்று பதிவுக்கு வந்தவற்றில் எத்தனையாவது கட்டு என்பது). ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று வைத்ததில் 26 எழுத்தும் 1867-இல் தீர்ந்துபோயின. 1868-இல் அதே எழுத்துகளை மறுபடி எடுத்தார்கள். குழப்பம் வராமலிருக்க மூலைகளை மாற்றினார்கள். முதல் சுற்றில் வட்டத்துக்கு நேர் கீழே ஆண்டெழுத்து. இரண்டாம் சுற்றில் அங்கே நாள் எண் வந்துவிட்டது, ஆண்டெழுத்து வலது மூலைக்குப் போனது. ‘டி’ மேலே இருந்தால் 1852, வலப்பக்கம் இருந்தால் 1878.

என் கிண்ணத்தில் மேலே இருப்பது 6. ‘டி’ வலப்பக்கம். போதாததற்குப் பக்கத்திலேயே சவர்பியின் மயில்தலை. அந்தச் சின்னத்தை அவர்கள் பதிவு செய்ததே 1876-இல்தான்! அழகான கிண்ணம், குறை சொல்ல மாட்டேன். இல்லாத 26 வருடத்துக்குக் காசு கொடுத்ததுதான் எரிகிறது. அந்த 1878-உம் வடிவம் பதிவான வருடம் மட்டுமே. கண்ணாடிக்குப் பதிவுப் பாதுகாப்பு மூன்று வருடம். அச்சு அதற்கப்புறமும் ஓடியிருக்கலாம்.

கேட்டதற்கு, “எந்த ஆண்டெழுத்து அட்டவணையிலும் டி என்றால் 1852தான்” என்கிறார். பாதி அட்டவணையை வைத்துக்கொண்டு வியாபாரம். அட்டவணையும் ஆண்டோடு சரி. யார் பதிந்தது என்று தெரிய முழுத் தேதியும் கட்டு எண்ணும் வேண்டும். அவற்றைக் கொண்டு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்: பிடி 43 தொகுப்பில் வடிவங்களின் படங்கள், பிடி 44-இல் பதிவேடுகள். அவர் அனுப்பிய தாளில் கட்டு எண்ணே இல்லை.

அவருடைய மற்ற சரக்கையும் பார்த்தேன். 1884 முதல் சாய்சதுரம் போய், ‘ஆர்டி’ (‘ரெஜிஸ்டர்டு’ என்பதன் சுருக்கம்) என்று வெறும் வரிசை எண் வந்தது. அது 1-இல் தொடங்கி, ஒரு லட்சத்தைத் தாண்டியது 1888-இல். இவரோ ஆறு இலக்க எண் போட்ட தட்டை ‘1884’ என்று விற்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தான் வியாபாரி இல்லை, வீட்டுச் சாமானை விற்கும் தனிநபர் என்றார். வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இங்கே சட்டத்தில் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கத்தான் இந்தப் பேச்சு. ஆனால் சான்றிதழில் கடை முத்திரையைக் குத்தியவர் அவரே. அந்தத் தாளைப் படமெடுத்து ஏலத் தளத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு ‘டி’ கிண்ணங்கள் 1852 என்றே விலைக்கு நிற்கின்றன.