எங்கள் சயின்ஸ் பிளாக்: எட்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்று துறைகளுக்குமாக, கரண்ட் செலவு குறைய வேண்டும் என்றே திட்டமிட்டுக் கட்டிய பிளாக்கில்தான் எட்டு வருடமாக வேலை. இதே மாதிரி கட்ட நினைக்கும் வேறு கல்லூரி நண்பர்கள் அவ்வப்போது விசாரிக்கிறார்கள். என் கருத்து இதுதான்: வெயிலைப் பற்றி நன்றாக யோசித்திருக்கிறார்கள், லேபுக்குள் என்ன நடக்கும் என்பதை யோசிக்கவில்லை.

முதலில் வெயில். கட்டடம் கிழக்கு மேற்காக நீளம். வகுப்பறை ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் மட்டும். டிசம்பர் நண்பகலில்கூட இங்கே சூரியன் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். அதனால் தெற்கில் நாலடி ஜன்னலுக்கு இரண்டரை அடி சன்ஷேடு போதுமானதாக இருக்கிறது. வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்று பலர் நினைக்கிறார்கள். அது நம் ஊருக்குப் பொருந்தாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதுரையில் உச்சி வெயில் வடக்கிலிருந்துதான் வரும், காலையும் மாலையும் சாய்வாக உள்ளே பாயும். அதற்காக வடக்கு ஜன்னல்களின் பக்கவாட்டில் செங்குத்தான சிமெண்ட் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் வெறும் அழகுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஜூனில் வகுப்பு தொடங்கும்போது அதன் அருமை தெரியும். (புறாக்களுக்கும் தெரிந்துவிட்டது. வலை அடிக்க வேண்டியதாயிற்று.)

கணித வகுப்பறைகளில் பெரிதாகக் குறையில்லை. டியூப் லைட் வரிசைகள் ஜன்னலுக்கு இணையாக ஓடுகின்றன, வரிசைக்கு ஒரு சுவிட்ச். பகலில் ஜன்னலோர வரிசையைப் போடுவதே இல்லை. ஆள் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் அணையும் என்று வைத்த சென்சார்தான் தொல்லை. அது அசைவை மட்டும்தான் பார்க்கும். இன்டர்னல் டெஸ்டில் பிள்ளைகள் தலை நிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அறை காலி என்று முடிவு செய்து லைட்டை அணைத்துவிடும். மேற்பார்வைக்கு நிற்பவர் கையை ஆட்ட வேண்டும். கடைசியில் கழற்றிக் கழிவறைக்கு மாற்றினோம். அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது.

ஃபேன் எல்லாம் பிஎல்டிசி, அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ரகம். பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 வாட் அளவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்களுக்கு வாங்கியது ரிமோட்டில் மட்டும் வேகம் மாறும் ரகம். வகுப்பறையில் ரிமோட் எத்தனை நாள் தங்கும்? பாதி ஃபேன்கள் நிரந்தரமாக ஒரே வேகத்தில் சுற்றுகின்றன.

இனி லேப். மேற்குச் சுவர் வெயிலைத் தாங்க அந்தப் பக்கம் மாடிப்படி, கழிவறை, ஸ்டோர் ரூம் என்று வைத்தார்கள். வகுப்பறைக்கு நல்லது. ஆனால் அந்த ஸ்டோர் கெமிக்கல் ஸ்டோர். எளிதில் தீப்பற்றும் டைஎத்தில் ஈதர் என்ற திரவம் 34.6 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் அறையில் அதை வைக்கலாமா? முதல் கோடையிலேயே பழைய விடைத்தாள் கட்டுகளை அங்கே அனுப்பிவிட்டு, அவை இருந்த வடக்கு அறையைக் கெமிக்கலுக்கு வாங்கினோம்.

காற்றோட்டமும் அப்படித்தான். யூஜி லேபில் ஏசி கிடையாது, எதிரெதிர் ஜன்னல்கள். வேர்க்காமல் நிற்க முடிகிறது. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பன்சன் பர்னர் எம்மாத்திரம்? தராசையும் அதே ஹாலின் மூலையில் வைத்திருந்தார்கள். நான்கு தசம இலக்கத் தராசில் கடைசி இலக்கம் நிற்காமல் ஓடும். பிறகு கண்ணாடித் தடுப்பு போட்டுத் தனி அறையாக்கினோம்.

உண்மையில் கரண்ட் பில்லை ஏற்றுவது ஆராய்ச்சி லேப். ஏசி அறைக்குள் ஃபியூம் ஹுட், அதாவது கெமிக்கல் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும், முன்னால் ஏற்றி இறக்கும் கண்ணாடி வைத்த பெட்டி. ஒன்றரை மீட்டர் அகல ஹுட்டின் கண்ணாடியை அரை மீட்டர் தூக்கி வைத்தால், வினாடிக்கு அரை மீட்டர் இழுப்பில், மணிக்கு 1350 கன மீட்டர் காற்று வெளியே போகும். அத்தனையும் காசு கொடுத்துக் குளிர வைத்த காற்று. கண்ணாடி இறங்கினால் புகையை இழுக்கும் ஃபேன் வேகமும் குறையும்படி டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு: வேகம் 80 சதவீதமானாலே ஃபேன் இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ பாதியாகிவிடும், அறையின் குளிரும் வீணாகாது. ஆனால் கண்ணாடியை இறக்க மனுஷன் வேண்டுமே. ஆய்வு மாணவர்கள் டீ குடிக்கப் போகும்போது திறந்தபடியே விட்டுப் போவார்கள். எங்கள் லேப் அசிஸ்டென்ட் சிவப்பு டேப் ஒட்டி, "இதற்கு மேல் தூக்கினால் அன்று பாத்திரம் கழுவுவது நீங்கள்" என்று எழுதி வைத்த பிறகுதான் கண்ணாடி இறங்க ஆரம்பித்தது.

மாடியில் சோலார் இருக்கிறது, கிலோவாட்டுக்குத் தினம் சராசரியாக 4 யூனிட் தருகிறது. பேனலில் தூசு துடைத்தால் சரி.

இப்போது அடுத்த பிளாக்குக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை எங்கள் துறையையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். தராசு அறை, கெமிக்கல் ஸ்டோர் எந்தப் பக்கம், ஏசி அறையில் எத்தனை ஹுட் என்று எல்லாம் குறித்துக்கொண்டார்கள். சுவர் ரெகுலேட்டரில் ஓடும் ஃபேன் வேண்டும் என்றதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.