செங்கோட்டை–புனலூர் லைனை சிமுலேட்டர்ல கட்ட எந்த மேப்பை நம்பலாம்?

ஓப்பன் ரெயில்ஸோ டிரெயின்ஸோ (Trainz), எந்த ரயில் சிமுலேட்டர்ல ரூட் பண்ணாலும் முதல்ல வர்ற தலைவலி டிராக் மேப் தான். அதுலயும் பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுத்துருட்டி, தென்மலைன்னு மலைக்குள்ள புகுந்து போற லைன்னா ஒவ்வொரு மேப்பும் ஒவ்வொரு இடத்துல காலை வாரும்.

ஓப்பன்ரயில்வேமேப்ல ஆரம்பிக்கறது ஈஸி. இது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டா தான், ரயில் சமாச்சாரத்தை மட்டும் கலர் போட்டுக் காட்டும். லைனை ஓவர்பாஸ் டர்போல (அந்த டேட்டாவுல இருந்து வேணுங்கறதை மட்டும் பிரிச்சு எடுக்கற வெப்சைட்) எடுத்து கேஎம்எல் ஃபைலா (மேப் கோடுகளைச் சேத்து வைக்கற ஃபார்மட்) மாத்தி, சிமுலேட்டரோட ரூட் எடிட்டர்ல மார்க்கரா போட்டுக்கலாம், ஒரு சாயங்காலத்துல வேலை முடிஞ்சுடும். ஆனா நம்ம ஊர் லைன்கள்ல சிக்னல் எல்லாம் பெரும்பாலும் ஏத்தியிருக்க மாட்டாங்க, பாயின்ட்ஸ் (ஒரு டிராக்ல இருந்து இன்னொண்ணு பிரியற இடம்) இருக்கற இடமும் யாரோ மவுஸால குத்துன இடம்தான், அஞ்சு பத்து மீட்டர் தள்ளியிருந்தா ஆச்சரியப்படாதீங்க.

ஸ்டேஷன் யார்டுக்கு கூகுள் எர்த் தான் கில்லி. லூப் லைன் எங்க பிரியுது, பிளாட்பாரம் எவ்வளவு நீளம்னு ஸ்கேல் வச்சு அளந்துடலாம். படம் எந்த வருஷத்துதுன்னு மட்டும் பாத்துக்கணும். இந்த மலைப் பகுதியில மீட்டர்கேஜ் வண்டி 2010ல நின்னுச்சு, பிராட்கேஜ்ல முழுசா வண்டி ஓடுனது 2018ல, நடுவுல எடுத்த படத்தைப் பாத்து வரைஞ்சீங்கன்னா யார்டு ரெண்டுங்கெட்டானா வந்து நிக்கும். அப்புறம் தென்மலை பக்கம் காடு, மரத்துக்கு அடியில டிராக் காணாமப் போயிடும், டனலுக்குள்ள கேக்கவே வேணாம்.

இப்ப உயரத்துக்கு வருவோம், மலை ரூட்ல எல்லாரும் மண்ணைக் கவ்வறது இங்கதான். இலவசமா கிடைக்கற எஸ்ஆர்டிஎம் (விண்வெளியில இருந்து ரேடார்ல அளந்த நில உயரம்) டேட்டா 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரத்துல 16 மீட்டர் வரைக்கும் பிழை இருக்கலாம்னு அவங்க ஸ்பெசிஃபிகேஷனே சொல்லுது. நூத்துக்கு ஒண்ணுன்னு (100 மீட்டர் போனா 1 மீட்டர்) ஏறற டிராக் ஒரு கிலோமீட்டருக்கு ஏறறதே 10 மீட்டர் தான், அப்ப ஏத்தத்தை விட பிழை பெருசு! மலையை வெட்டி டிராக் போட்ட பள்ளம் சில மீட்டர் அகலம் தான்ங்கறதால அது அந்தப் புள்ளிகள்ல விழவே விழாது, டிராக்கை அது மேல அப்படியே படுக்கப் போட்டா ரயில் ஒட்டகம் மாதிரி போகும். சர்வே ஆஃப் இந்தியா டோப்போஷீட் (1:50,000, இப்ப அவங்க சைட்லயே இலவசம்) கொஞ்சம் பரவாயில்ல, கான்டூர் (சம உயரக் கோடு) 20 மீட்டருக்கு ஒண்ணு, மலையோட வடிவத்துக்கு ஓகே, டிராக்கோட ஏத்த இறக்கத்துக்குப் பத்தாது.

ரயில்வேயோட வொர்க்கிங் டைம்டேபிள், ஸ்டேஷன் டயகிராம் எல்லாம் தான் பெஸ்ட், சந்தேகமே இல்ல, ஆனா அது ஸ்டாஃபுக்குப் போட்டது. டிரைவ் லிங்க்ல சுத்தற ஸ்கேன் காப்பி எந்த வருஷத்துதுன்னே தெரியாது, நான் அது பக்கம் போறதில்ல.

என் ஓட்டு டிராக் ஓரத்துல நிக்கற போர்டுகளுக்குத்தான். ரயில் இன்ஜின்ல இருந்து முன்பக்கம் தெரியற மாதிரி எடுத்த வீடியோ ஒண்ணு நல்ல குவாலிட்டில கிடைச்சா போதும், மெதுவா ஓட்டிப் பாருங்க. கிரேடியன்ட் போஸ்ட்ல ஒரு நம்பரும் ஆர், எஃப், எல்லுன்னு ஒரு எழுத்தும் இருக்கும், ஏத்தம், இறக்கம், சமம். கிலோமீட்டர் கல்லை வச்சு ஒவ்வொரு போஸ்டும் எங்க இருக்குன்னு ஷீட்ல போட்டுட்டே வாங்க. நூத்துக்கு ஒண்ணு ஏத்தம் 400 மீட்டர்னா 4 மீட்டர், இப்படிக் கூட்டிக் கழிச்சு அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போனா, ரெண்டு ஸ்டேஷன் மஞ்சள் போர்டுலயும் கீழ எழுதியிருக்கற கடல் மட்ட உயரத்தோட வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட சரியா வரணும். வரலன்னா ஏதோ ஒரு போஸ்ட் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, திரும்ப ஓட்டுங்க.

வளைவுக்கும் இதே வழிதான், கர்வ் போர்டுல ரேடியஸ், நீளம், கேண்ட் (வெளிப்பக்கத் தண்டவாளம் எவ்வளவு தூக்கியிருக்குங்கறது) எல்லாம் இருக்கும். பழைய போர்டுல டிகிரி மட்டும் போட்டிருந்தா 1750ஐ அதால வகுத்தா மீட்டர்ல ரேடியஸ், 5 டிகிரின்னா 350. சேட்டிலைட் படத்துல கண்ணால பாத்து வளைக்கறதை விட இது எவ்வளவோ தேவலாம். டனலுக்குள்ள வளைவு இருந்தா மட்டும் இதுவும் கைகொடுக்காது, இருட்டுல ஒண்ணும் தெரியாது, டனலோட ரெண்டு வாயையும் சேட்டிலைட் படத்துல பிடிச்சு நடுவுல நீங்களே சேத்துக்க வேண்டியதுதான்.