மெடிக்கல் கவுன்சலிங்: ஏஜென்ட் கையில் லாகினைக் கொடுக்காதீங்க. ₹1,80,000 போச்சு

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி மகளின் 2025 எம்பிபிஎஸ் சேர்க்கைக்காக ஓர் அட்மிஷன் கன்சல்டன்சிக்குக் கட்டிய பணம் ₹1,80,000. ஏசி ரூம், சுவர் முழுக்க வெள்ளைக்கோட்டுப் பிள்ளைகளின் படம், அந்த மாதிரி இடம். இதில் ₹30,000 ‘சாய்ஸ் ஃபில்லிங் பேக்கேஜ்’, அதாவது கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி ஆன்லைனில் பதிந்து தருவதற்கு. மீதி ₹1,50,000 ‘மேனேஜ்மென்ட் சீட் ஹோல்டிங்’. தேவைப்படவில்லை என்றால் ஹோல்டிங் பணம் முழுசாகத் திரும்ப வரும் என்று வாய் நிறையச் சொன்னார்கள்.

நம்பிக்கை வந்தது எப்படி என்பதை விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லா இடத்திலும் இதே வித்தைதான். அங்கிருந்த ஏஜென்ட் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்தார். போன வருடம் எந்த ரேங்க், எந்தச் சமூகப் பிரிவு, எந்தக் கல்லூரி என்று வரிக்கு வரி இருக்கிறது. பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிற மாதிரித் தோன்றும். அது, தமிழ்நாட்டில் மருத்துவக் கலந்தாய்வை நடத்தும் மருத்துவத் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் சும்மா கிடைக்கிற ஒதுக்கீட்டுப் பட்டியல். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து 2024-இல் சீட் கிடைத்தவர்களின் மதிப்பெண்ணைக் காட்டி, “அக்கா, பாப்பா எடுத்த மார்க்குக்கு கவர்மென்ட் காலேஜ் கனவுல கூட வராது. சேஃப்டிக்கு ஒரு மேனேஜ்மென்ட் சீட்டைப் பிடிச்சு வெச்சிருவோம், பாதி ஃபீஸ்ல முடிச்சுத் தர்றேன்” என்றார். மோசடியின் மையமே இதுதான். 2024 நீட்டில் 720க்கு 720 எடுத்தவர்களே பலர். 2025-இல் தாள் கடினம், அகில இந்திய முதலிடமே 686. போன வருட மார்க்கோடு இந்த வருட மார்க்கை வைத்துப் பார்த்தால் எல்லாப் பிள்ளையும் தோற்றமாதிரிதான் தெரியும். பார்க்கவேண்டியது தரவரிசைப் பட்டியலில் வரும் ரேங்கையும் சமூகப் பிரிவு ரேங்கையும்.

இன்னொன்று, மேனேஜ்மென்ட் சீட்டை ஏஜென்ட் பிடித்துவைக்கவே முடியாது. சுயநிதிக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களையும் நீட் தரவரிசைப்படி தேர்வுக் குழுதான் நிரப்புகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அகில இந்திய அளவில் எம்சிசி (மருத்துவக் கலந்தாய்வுக் குழு) நடத்தும் கலந்தாய்வு. ‘பாதி ஃபீஸ்’ என்பதும் சுத்தப் பொய்.

பிறகு, “சர்வர் தொங்கும், நடுராத்திரி உட்காரணும், நாங்க பாத்துக்கறோம்” என்று லாகினை வாங்கிக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் போட்ட கைபேசி எண்ணும் அவர்களுடையது. ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும்.

அரசு ஒதுக்கீட்டு விருப்பப் பட்டியலில் அரசுக் கல்லூரிகளும், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் ஒன்றாகவே வரும். கணினி மேலிருந்து கீழே பார்த்து, ரேங்குக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அவர்கள் சென்னையைச் சுற்றியுள்ள சுயநிதிக் கல்லூரிகளை மேலே வைத்து, 2022-இல் தொடங்கிய அரியலூர், இராமநாதபுரம், நாகப்பட்டினம் மாதிரி அரசுக் கல்லூரிகளைக் கீழே தள்ளியிருக்கிறார்கள். முதல் சுற்றிலேயே சுயநிதி விழுந்தது. ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பிள்ளைக்குப் பின்னால் இருந்த ரேங்குக்கு அதே பிரிவில் அரசு இடம் கிடைத்திருக்கிறது!

பணக்கணக்கில் இது என்ன என்று பாருங்கள். அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் இருபதாயிரத்தை ஒட்டி வரும். சுயநிதியில் அரசு ஒதுக்கீடு என்றாலும் வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல். விடுதி, மெஸ், பஸ் எல்லாம் தனி. படிப்பு முடிவதற்குள் இருபது லட்சம் தாண்டும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் இதைப்போல மூன்று மடங்கு. நிகர்நிலையில் கோடியைத் தொடும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும், வீட்டுப் பத்திரம் போகும். (அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளுக்குத் தனியார் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்களிடமும் இந்த ஏஜென்ட்கள் பணம் கறக்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.)

போய்க் கேட்டோம். “சேர்ந்துக்கங்க அக்கா, ரவுண்டு 2-ல மாத்திக்கலாம்.” ரவுண்டு 2-இல் காலியான இடங்கள்தான் வரும், நல்ல அரசு இடங்கள் முதல் சுற்றிலேயே பறந்துவிட்டன. சரி, ஹோல்டிங் பணத்தையாவது கொடு என்றால், “எம்டி சென்னை போயிருக்கார்.” அப்புறம் “ஆடிட்டர் கையெழுத்து வேணும்.” அப்புறம் போனே எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் ரிசப்ஷன் பெண், “சீட்தான் கிடைச்சிருச்சே சார், எங்க வேலை முடிஞ்சுது” என்கிறாள். ரேங்குக்கு வந்த சீட்டை அவர்கள் வாங்கிக்கொடுத்ததாகக் கணக்கு! அடுத்த வருடம் இந்தப் பிள்ளை படமும் அந்தச் சுவரில் ஏறும்.

ரசீதில் ‘ஹோல்டிங்’ என்ற வார்த்தையே கிடையாது. ₹1,80,000 மொத்தமும் ‘கவுன்சலிங் கைடன்ஸ் கட்டணம், திரும்பத் தரப்படாது’ என்று பொடி எழுத்தில். ஜிபே போனது நிறுவனக் கணக்குக்கு அல்ல, யாரோ ஒரு தனிநபர் பேருக்கு.

சாய்ஸ் ஃபில்லிங் எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இப்போதைக்கு இவ்வளவுதான்:

காசு கம்மி என்றால், எவ்வளவு தூரமானாலும் அரசுக் கல்லூரி அத்தனையையும் போட்டு முடித்த பிறகுதான் முதல் சுயநிதிக் கல்லூரி. ஒன்றுகூட இடையில் நுழையக்கூடாது.

கைபேசி எண், மெயில், பாஸ்வேர்ட் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். லாக் செய்த பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வரிசையைப் படித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைனில் போன பணம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கூடவே மாவட்டக் குற்றப் பிரிவில் எழுத்துப் புகார், பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318(4) மோசடிப் பிரிவைக் குறிப்பிட்டு. மனு ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.