யுடிஐடி அட்டை, மனநோய்ப் பிரிவு: பிள்ளை வளர்ப்பவர் வாங்கப் போகும்போது

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டை. மனநோயோடு பிள்ளை வளர்க்கும் ஒருவர் அதை வாங்க, சுவாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம் போடுவது பெரிய காரியமில்லை. ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி எண், ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம் இவை கையில் இருந்தால் ஒரே உட்காரலில் முடிந்துவிடும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பதிவெண் வரும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேவை தடுமாறுவது அதற்குப் பிறகுதான், மருத்துவமனையில் குறைபாட்டை அளக்கும் மதிப்பீட்டு நாளில்.

அதற்கு முன் ஒரு பொறி. குறைபாட்டு வகை கேட்கும் இடத்தில் ‘மனநோய்’ வேறு, ‘அறிவுசார் குறைபாடு’ வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ‘மனநலம் சரியில்லை’ என்று சொல்லிப் பழகியதால், கணினி மையத்தில் இருப்பவர் இரண்டாவதைத் தட்டிவிடுவது உண்டு. பிறகு ஐக்யூ பரிசோதனைக்கு அனுப்புவார்கள், வீண் அலைச்சல். மனநோய்க்கும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்: அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான்.

மனநோய்க்கு அளவுகோல் ‘ஐடியாஸ்’ (IDEAS), அதாவது இந்தியக் குறைபாட்டு மதிப்பீட்டு அளவுகோல். இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2002இல் உருவாக்கியது. தன்பராமரிப்பு, மனித உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை என நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்; பாதிப்பு கூடினால் மதிப்பெண்ணும் கூடும். அதோடு, கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை மாதம் நோய் இருந்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டு: ஆறு மாதம் வரை 1, ஓராண்டு வரை 2, ஒன்றரை ஆண்டு வரை 3, அதற்கு மேல் 4. கூட்டுத்தொகை 7 வந்தால்தான் 40 சதவீதம் தொடங்குகிறது. 14 முதல் 19 வரை 71 முதல் 99 சதவீதம், 20 என்றால் 100.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கால அளவின் கனம் தெரியும். நான்கு தலைப்பிலும் தலா 1 வாங்கியவருக்கு, நோய்க்காலம் 4 என்றால் மொத்தம் 8, அட்டை பயன்படும். அதே ஆளிடம் பழைய ஓபி சீட்டு இல்லாமல் நோய்க்காலத்துக்கு 1 மட்டும் போட்டால் மொத்தம் 5. சலுகை எதற்கும் எட்டாது. சீட்டு இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வருகையிலும் ‘சிஎஸ்டி’ (அதே சிகிச்சையைத் தொடரவும்) என்று மட்டும் எழுதி அதே மாத்திரையைத் தொடர்ந்திருந்தால், அறிகுறி இருந்ததா இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. விண்ணப்பத்துக்கு முன் வழக்கமான டாக்டரிடம், எந்த மாதம் முதல் என்னென்ன அறிகுறி என்று ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். பழைய பதிவைத் தர மருத்துவமனை இழுத்தடித்தால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25ஐக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறுவது நோயாளியின் உரிமை.

பிள்ளை வளர்ப்பவர்கள் சறுக்கும் இடம் ‘வேலை’ என்ற தலைப்பு. சம்பள வேலை மட்டுமில்லை, வீட்டு வேலையும் அதில் மதிப்பிடப்படும். சமையலோடு, வீட்டில் இருக்கும் மற்றவர்களைக் கவனிப்பதும் அதில் சேரும். அளவுகோலைச் செய்தவர்கள் இதை யோசித்தது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் ‘பிள்ளைகளைப் பாத்துக்கறீங்களாம்மா?’ என்று கேட்டால் எந்தத் தாயும் ‘பாத்துக்கறேன் சார்’ என்றுதான் சொல்வார். வேறு மாதிரிச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. மதிப்பெண் 0 விழுந்துவிடும். கேட்கப்படுவது பாசம் அல்ல. வேலை சரியான நேரத்துக்கு, முழுதாக, அடுத்தவர் உதவியில்லாமல் நடக்கிறதா என்பது. காலையில் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது யார், வாரத்தில் எத்தனை நாள் சமையல் பாதியில் நின்றது, தடுப்பூசித் தேதி தவறியதா, காய்ச்சல் வந்தால் மருந்து நேரத்தை யார் நினைவில் வைக்கிறார்கள்? இப்படி ஒரு மாதக் குறிப்பை எழுதி எடுத்துப் போங்கள். மாமியாரோ கணவரோ பாதியைச் செய்தால் அதை மறைக்காதீர்கள். மறைத்தால் அவர்கள் உழைப்பு உங்கள் திறமையாகப் பதிவாகும். ஐடியாஸ் விதிப்படியே கவனிப்பவரிடம் பேசித்தான் மதிப்பெண் போட வேண்டும், ஆகவே அவர் கட்டாயம் கூட வர வேண்டும். உள்நோயாளியாக இருக்கும்போது மதிப்பிடச் சொல்லாதீர்கள். அந்த அளவுகோல் வீட்டில் வசிப்பவர்களுக்கானது.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. மனநோய் என்று தீர்மானிப்பதால் மட்டும் ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிட மாட்டார், நீதிமன்றம் அறிவித்தால்தான் என்கிறது அதே 2017 சட்டத்தின் 3ஆம் பிரிவு. சிகிச்சைக்குச் சேர்ந்த தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

2024இல் திருத்திய விதிகளின்படி விண்ணப்பித்தவருக்குச் சான்றிதழ் தர அதிகாரிகளுக்கு அதிகபட்சக் கெடு மூன்று மாதம். முன்பு ஒரு மாதம்தான். இந்தத் திருத்தம் பயனாளிக்கு எந்த வகையில் நல்லது என்று புரியவில்லை. 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை அட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80 முதல் நீலம். சதவீதம் குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எந்தத் தலைப்பில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

கிடைப்பது என்ன? தமிழ்நாட்டில் வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அட்டை வந்தால் தானாக வராது; இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளியான மத்திய அரசுப் பெண் ஊழியர் என்றால், குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை சிறப்புக் குழந்தைப் பராமரிப்புப் படி உண்டு, இரண்டு பிள்ளைகள் வரை. மாதம் 3,000 ஆக இருந்தது, 2024 ஜனவரி முதல் 3,750. அலுவலகத்தில் வாய் திறந்து கேட்காமல் இழப்பவர்கள் உண்டு. ஊனமுற்ற பெண்களின் பிள்ளை வளர்ப்புக்கு அரசு ஆதரவு தர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவே சொல்கிறது. சம்பள வேலையில் இல்லாத தாய்க்கு அந்தப் பிரிவு இன்னும் ஏட்டளவில்தான்.

சான்றிதழ் தற்காலிகம் என்றால் அதில் காலாவதித் தேதி இருக்கும். அதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் போடுங்கள், ஓபி சீட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்து.