அரை மாதச் சம்பளத்துக்கு வாங்கிய கிராஷ் கார்டு, நின்ற இடத்தில் சாய்ந்ததற்கே மடங்கிவிட்டது

முந்தாநாள் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பைக்குக்குக் கிராஷ் கார்டு (விழுந்தால் இன்ஜினில் அடிபடாமல் காக்கும் இரும்புக் குழாய்), ஸ்லைடர் (அதே வேலைக்கு ஃப்ரேமில் மாட்டும் பிளாஸ்டிக் முனை வைத்த கட்டை) என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

போனது என் அரை மாதச் சம்பளம். அதுவும் கார்டுக்கு மட்டும். அந்தக் கார்டு உடைத்துவைத்திருக்கும் கிளட்ச் கவருக்கு (இன்ஜின் பக்கவாட்டில் கிளட்ச்சை மூடியிருக்கும் மூடி) எவ்வளவு ஆகும் என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

ஏதோ பறந்துபோய் விழுந்தேன் என்று நினைக்காதீர்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் திருப்பிக்கொண்டிருந்தேன். கால் ஊன்றிய இடத்தில் பொடி ஜல்லி. கால் வழுக்கி வண்டி மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தது. கிட்டத்தட்ட 180 கிலோ, பிடிக்க முடியவில்லை. வேகம் பூஜ்யம். இப்படிச் சாயும்போது வண்டியைக் காப்பதுதான் கிராஷ் கார்டு ஒழுங்காகச் செய்ய வேண்டிய வேலையே. இந்தக் கார்டோ குழாய் வளையும் இடத்தில் அப்படியே மடிந்து, உள்பக்கமாகப் போய்க் கிளட்ச் கவரில் குத்திவிட்டது. கவரில் விரிசல், தரையெல்லாம் ஆயில். கார்டே இல்லாமல் விழுந்திருந்தால் கால் வைக்கும் ஃபுட்பெக்கும் ஹேண்டில் முனையும் தேய்ந்திருக்கும், அதோடு போயிருக்கும் என்கிறார் மெக்கானிக்.

வாங்கிய இடம், பல விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் ஒரு ஆன்லைன் தளம். முதலில் நான் பார்த்தது ஃப்ரேம் ஸ்லைடர்தான். விற்பனையாளரிடம் சாட்டில் ஒரு சந்தேகம் கேட்டேன். பத்தே நிமிடத்தில் பதில். "ஸ்லைடர் எல்லாம் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு ப்ரோ. நானும் உங்க வண்டிதான் வச்சிருக்கேன், இந்தக் கார்டுதான் போட்டிருக்கேன், ரெண்டு தடவை விழுந்தேன், ஒரு கீறல் இல்ல." கூடவே அவர் வண்டியின் போட்டோ. அங்கேதான் விழுந்தேன். வண்டியிலிருந்து விழுந்தது அதற்குப் பிறகு. அதே மாடல், அதே நிறம், மண் ஒட்டிய டயர். அந்த மண்ணைப் பார்த்துத்தான் நம்பினேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது: 25 மி.மீ. குழாய், 2 மி.மீ. தடிமன், ஒரு பக்கத்துக்கு மூன்று இடத்தில் பிடிப்பு. வந்ததில் பிடிப்பு இரண்டுதான். கீழே இன்ஜினை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் மவுன்ட் போல்ட், மேலே ஃப்ரேம் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு கிளாம்ப். கேட்டேன். "மூணு பழைய டிசைன் ப்ரோ. இது புதுசு, இன்னும் ஸ்ட்ராங்." சரி என்று விட்டுவிட்டேன். மாட்டும்போது மெக்கானிக் கூட அவர்கள் அனுப்பிய நீள போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலையில நம்பரே இல்லையே, இதையா போடச் சொல்றீங்க?" என்றார். போல்ட்டின் வலிமையைக் காட்டும் எண் அது. போடுங்கண்ணே என்று சொன்னவன் நான்தான். அது வேறு இப்போது உறுத்துகிறது.

விழுந்த பிறகு மடங்கிய குழாயை அறுத்து வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமன் பார்த்தோம். 1 மி.மீ. பெயின்ட்டோடு சேர்த்து! மேலே இருந்த கிளாம்ப் வழுக்கிச் சுற்றிவிட்டது, அதனால் அடி மொத்தமும் கீழ் போல்ட்டில் இறங்கி, போல்ட் வளைந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்டு நெம்புகோல் மாதிரி. பிடிப்பு சரியில்லை என்றால் வண்டியின் எடையை வைத்தே மவுன்ட்டை நெம்பும்.

இனி அவர்கள் பதில்களைக் கேளுங்கள். தளத்தின் உதவிப் பிரிவு: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." அடுத்தது, பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேள்வி. அப்புறம், திருப்பி அனுப்ப 10 நாள்தான், உங்களுக்கு 19 நாள் ஆகிவிட்டது என்றார்கள். விழுவதற்கு நாள் குறித்துக்கொண்டு விழ வேண்டுமாம். போட்டோ அனுப்பினேன், மறுபடி அதே போட்டோவைக் கேட்டார்கள், மறுபடி அனுப்பினேன், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது.

விற்பனையாளர் இன்னும் மேல். "விழுந்தா வளையத்தான் செய்யும் ப்ரோ, வளைஞ்சதாலதான் வண்டி தப்பிச்சது." வளையலாம், அது நியாயம். கொஞ்சம் வளைந்து அடியை வாங்கிக்கொள்வதுதான் நல்ல கார்டு. மடிந்து இன்ஜினைக் குத்துவதற்குப் பெயர் என்ன? இதைக் கேட்டதும் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியை எடுத்து அனுப்பினார்: அலங்காரப் பயன்பாட்டுக்கு மட்டும். கிராஷ் கார்டு, அலங்காரத்துக்கு! குடையை விற்றுவிட்டு, மழையில் பிடிக்காதே என்பது போல. மண் ஒட்டிய டயர் போட்டோ என்ன ஆயிற்று என்று கேட்டேன். பிளாக் செய்துவிட்டார். அரை மாதச் சம்பளம், ஒரே ஒரு பிளாக்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை. கார்டை எடை போடுங்கள். 25 மி.மீ. இரும்புக் குழாய் 2 மி.மீ. தடிமனில் மீட்டருக்கு 1.1 கிலோ வரும், 1 மி.மீ. என்றால் 600 கிராம்தான். சமையலறைத் தராசே போதும், என் கார்டை அன்றைக்கே வைத்திருந்தால் தெரிந்திருக்கும். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று இல்லாவிட்டால் மாட்டவே மாட்டாதீர்கள். ஒரே இடத்தில் பிடிக்கும் கார்டு, கிளாம்ப்பை மட்டும் நம்பியிருக்கும் கார்டு, இரண்டும் வேண்டாம். ஸ்லைடர் என்றால் முனை நைலான் அல்லது அசெட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தால் தரையில் வழுக்காமல் பிடித்து இழுக்கும். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். எடை போடுவதையும் அதிலேயே எடுங்கள்.

மெக்கானிக் கூப்பிடுகிறார். சிக்கிய போல்ட் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டதாம், துளைபோட்டு எடுக்க வேண்டுமாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.